நாலு ஆப்பச்சட்டியும் என் கம்பி பிரஷ்ஷும்

1. கிண்டி

பழைய வீட்டுச் சாமான்களை வாங்கி, வீட்டில் வைத்துச் சுத்தம் செய்து விற்பது என் தொழில். நான் முதலில் வாங்கியது ஒரு வெண்கலக் கிண்டி, மூக்கு வைத்த தண்ணீர்ச் செம்பு. அதை வாங்கிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்டியாபீஸ் மூடிய வருடம் அது. முந்திரி உடைக்கிற கம்பெனியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்தவள் நான். முந்திரி ஓட்டின் எண்ணெய் விரலில் ஏறினால் அந்தக் கறுப்பு லேசில் போகாது. சபையில் பாட்டுப் புத்தகத்தைப் பிடிக்கும்போதுகூட விரலை மடக்கித்தான் பிடிப்பேன். கம்பெனியைப் பூட்டியதும் வேலை போயிற்றே என்று அழுதேன். இனிமேல் கை வெளுக்கும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் செல்வராஜ் பாறசாலையில் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு நாள் யாரோ கொடுத்த பழைய கட்டில் கம்பிகளை ஏற்றிக்கொண்டு ஆக்கர்க்கடைக்குப் போனார். பழைய இரும்பு எடுக்கிற கடை. நானும் சும்மா கூடப் போனேன். துருப்பிடித்த வாளிகளுக்கு நடுவில் இந்தக் கிண்டி கிடந்தது. மூக்கு கொஞ்சம் நெளிந்திருந்தது. தூக்கினால் நல்ல கனம். வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. கிண்டி கோயிலிலும் இருக்கும். யாராவது களவெடுத்துக்கொண்டு வந்து போட்டிருந்தால்? மறுநாள் காலையில் பஸ் ஏறிக் கடைக்காரர் யூசுப்பிடம் போய் நின்றேன்.

"அண்ணே, இது எந்த வீட்டுச் சாதனம்?"

"ஒரு பழைய வீடு இடிச்சாவ. அங்க உள்ளதாக்கும். ஏன்?"

"களவு முதலா இருந்தா போலீஸ் வருமே."

"வந்தா மொதல்ல என்னையாக்கும் பிடிப்பான். நான் உள்ள கெடக்கும்போ நீங்க சோறு கொண்டு வந்தா போதும். பேடிக்காம போங்க எக்கா."

அன்று முதல் எந்தச் சாமான் வாங்கினாலும் எந்த வீடு, எந்த ஊர் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். பயந்தவளின் பழக்கம்தான். ஆனால் தொழிலுக்கு வருகிறவர்கள் இதைப் பழகிக்கொள்வது நல்லது.

2. தேய்ப்பு

வெண்கலத்துக்கும் பித்தளைக்கும் புளியும் சாம்பலும் போதும். பச்சைக் களிம்பு தடிமனாக இருந்தால் எலுமிச்சம்பழமும் உப்பும். ஊறுகாய் வாடை பிடித்த பீங்கான் சாடியை வினிகர் கலந்த தண்ணீரில் இரண்டு நாள் போட்டு வைத்து, பிறகு வெயிலில் கவிழ்க்க வேண்டும். எனாமல் தட்டில் கம்பி பிரஷ்ஷே படக்கூடாது. பூச்சு பெயர்ந்தால் அவ்வளவுதான். பழைய கண்ணாடிக் குப்பிக்கு உள்ளே அரிசியும் சோப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்கினால் போதும். சமைக்கிற பித்தளைப் பாத்திரமானால் உள்ளே ஈயப்பூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் வாங்குகிறவரிடம் "இதில் புளி போட்டுச் சமைக்காதீர்கள்" என்று நான் மூன்று தடவை சொல்வேன். பிறகு வீட்டுக்குப் போன் செய்து நாலாவது தடவையும் சொல்வேன்.

இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துப் படித்தது.

ஒன்றை மட்டும் உண்மையாகச் சொல்ல வேண்டும். தேய்க்கும்போது எனக்கு மனசில் வேறொன்றும் ஓடாது. மகள் படிப்பு, ஆட்டோ பிரேக், மழைக்கு ஒழுகும் ஓடு எல்லாம் ஒதுங்கி நிற்கும். கறுப்பு போய் உலோகம் வெளியே வரவர நெஞ்சு லேசாகும். அதனால் எங்கே நிறுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் போனது.

"ஏட்டி, போதும்," என்பார் செல்வராஜ். "இனியும் தேச்சா அந்தப் பக்கத்து வீடு தெரியும்."

3. சாக்கில் வந்தவை

மாதம் இரண்டு தடவை ஆட்டோவில் கிழக்கே போவோம். ஒற்றசேகரமங்கலம், வெள்ளறடைப் பக்கம். வீடு புதுக்குகிறவர்கள், சாமான் ஒழிக்கிறவர்கள் யாராவது கூப்பிடுவார்கள்.

அப்படி ஒரு நாள் வெள்ளறடை வழியில், பூட்டிக் கிடந்த ஒரு சாயாக்கடைக்கு முன்னால் நின்ற ஒரு பையன் கை காட்டினான். பெயர் பினு. கடை நடத்தும் அம்மாவின் மருமகன். சாக்கு ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தான். உள்ளே நாலு வார்ப்பு இரும்பு ஆப்பச்சட்டிகள். உள்ளும் புறமும் ஒரே கறுப்பு.

"அம்ம எங்க?" என்று கேட்டேன்.

"கண்ணு ஆபரேஷன். ஆஸ்பத்திரில கெடக்காவ. வரும்போ கடைய ஒண்ணு புதுசாக்கி வைக்கணும். நாலு நான்ஸ்டிக் வாங்கியாச்சு."

"அம்மக்கு இது அறியுமா?"

"சர்ப்ரைஸ் ஆக்கும் எக்கா!"

எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நான் அந்த ஒரு பதிலுக்குப் பயப்படவில்லை. இத்தனை கறுப்புக்கு அடியில் இரும்பு எப்படி இருக்கும் என்று என் கை அப்போதே துறுதுறுக்க ஆரம்பித்துவிட்டது.

மூன்று நாள் வேலை. காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டேன். டிரில் மெஷினில் வயர் வீல் மாட்டி ஓட்டினேன். கைப்பிடி இடுக்குகளுக்குக் கம்பி பிரஷ், பிறகு எமரி பேப்பர். கறுப்பு தகடு தகடாகப் பெயர்ந்து விழுந்தது. கடைசியில் நாலும் வெள்ளி போலப் பளபளத்தன. துருப் பிடிக்காமல் இருக்க லேசாக எண்ணெய் துடைத்து, திருவனந்தபுரத்தில் ஹோம்ஸ்டே நடத்தும் ஒரு அம்மாவுக்குப் போட்டோ அனுப்பினேன். சுவரில் மாட்ட இப்படிப் பழைய சாமான் கேட்டுக்கொண்டே இருந்தவர் அவர்.

உடனே குரல் செய்தி வந்தது. "சேச்சி, அடிபொளி! எனிக்கு நாலும் வேணம்!"

அன்று எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

4. தேடி வந்தவர்

அதற்கு அடுத்த வாரம், முற்றத்தில் சாமான்களைப் பரப்பி வெயில் காட்டிக்கொண்டிருந்தேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா படலைத் திறந்துகொண்டு வந்தார். என்னைவிட நாலைந்து வயது கூடுதல் இருக்கும். இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"லில்லின்னு சொல்லுதது நீங்களா? நான் சரோஜம். வெள்ளறடைல சாயாக்கட. எனக்க மருமவன் ஒரு கிறுக்கன் உண்டு, அவன் ஒங்களிட்ட நாலு சட்டி குடுத்தானாம்."

உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அவர் உட்காரவில்லை.

"அந்தப் புதுச் சட்டில ஆப்பம் ஓரம் பிடிக்கல்ல மக்கா. நடுவு வேவும்போ ஓரம் வெள்ளையா ரப்பர் மாதிரி நிக்குது. ரப்பர்த் தோட்டத்துல பால்வெட்டு முடிச்சு வாற ஆளுவளெல்லாம் எனக்க கடைல இருந்தாக்கும் காப்பி குடிப்பாவ. இப்போ பாதிப் பேரு எதிர்க்கடைக்குப் போயாச்சு. இன்னும் ஒரு மாசம் இப்படிப் போனா நான் ஷட்டர இழுத்து விட்டுட்டு வீட்டுல இருக்க வேண்டியதுதான். அந்தச் சட்டிய எனக்குத் திரிச்சுத் தாங்க."

சொல்லிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றி முற்றம் முழுக்கப் பார்த்தார். உருளியைப் பார்த்தார். சாடிகளைப் பார்த்தார். ஒரு மூலையில் கிடந்த கறுத்த தோசைக்கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்தார். நாலு ஆப்பச்சட்டிகளும் அவருடைய காலுக்குப் பக்கத்தில்தான் கவிழ்ந்திருந்தன. அவற்றைத் தாண்டி நடந்தார்.

"இங்க இல்லியே," என்றார். "வித்துட்டியளா?"

செல்வராஜ் வாசலில் நின்று எனக்குக் கண்ணால் ஜாடை காட்டினார். ஆமாம் என்று சொல்லிவிடு என்று அர்த்தம். சொல்லியிருக்கலாம். அந்த அம்மா நம்பியிருப்பார். நான் பக்கத்திலிருந்த சாடியை நகர்த்தி வைத்தேன். அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "செரி, வாறேன் பிள்ளே" என்று படலை வரைக்கும் போய்விட்டார்.

வீடு நோட்டில் எழுதியிருக்கிறது. சாமானை அந்த வீட்டு மனுஷி தேடி வந்திருக்கிறார். இதை விழுங்கிவிட்டு நாளைக்கு எந்த வீட்டுப் படியில் போய் நிற்பேன் என்று தோன்றியது. அப்போதும் வாய் வரவில்லை. படல் சத்தம் கேட்டதும்தான் வந்தது.

"எக்கா, நில்லுங்க. அதுதான். உங்க காலுக்குக் கிட்ட கெடந்தது."

சரோஜம் திரும்பி வந்து ஒரு சட்டியைத் தூக்கினார். உள்ளே விரலால் தடவினார். கைப்பிடி ஒன்றில் ஆணி அடித்து முறுக்கிய இடம் இருந்தது. அந்த அடையாளத்தைப் பார்த்ததும் அப்படியே முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அட படுபாவி," என்றார். "எனக்க சட்டிய மொட்டையடிச்சுப் போட்டியளே!"

"அழுக்குன்னு நெனச்சேன் எக்கா."

"அழுக்கா? பதினெட்டு வருஷத்து எண்ணையாக்கும் அது. நான் அதுக்கு மேல சோப்புகூடக் காட்டினதில்ல. கடைல வேலைக்கு நின்ன ஒருத்தி ஒரு தடவ தேங்கா நாரு வச்சுத் தேச்சா, அன்னைக்கே அவள வீட்டுக்குப் போவச் சொன்னேன். நீங்க என்னண்ணா மெஷின் வச்சுத் தேச்சிருக்கிய!"

பிறகு திடீரென்று சிரித்தார். சிரிப்பென்றும் அழுகையென்றும் சொல்ல முடியாத ஒரு சத்தம். எனக்கு அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பட்டது.

5. மறுபடி கறுப்பாக்கிய விதம்

நான் பினுவுக்குக் கொடுத்த விலையைத் திருப்பித் தரட்டுமா என்று சரோஜம் கேட்டார். அதை விடுங்கள், முதலில் சட்டி ஆப்பம் சுடட்டும் என்றேன். தனியாகக் கடையையும் பார்த்து இந்த நாலையும் பழக்க அவரால் முடியாது. நானே பழக்கித் தருகிறேன் என்று சொன்னேன். ஹோம்ஸ்டே அம்மாவுக்குப் போன் செய்து சட்டிகள் இல்லை என்றேன். அவர் ஒரு வாரம் என் போனை எடுக்கவில்லை.

முறையைச் சரோஜம்தான் சொன்னார். பழைய கஞ்சித் தண்ணீரில் ஒரு பகலும் இரவும் ஊற வேண்டும். கழுவி, தீயில் ஈரம் போகக் காய்ச்சி, தேங்காயெண்ணெயை மெல்லிசாகத் தேய்த்து, புகை அடங்கும் வரை சிறு தீயில் வைக்க வேண்டும். ஆறவிட்டு மறுபடியும் எண்ணெய். நாலைந்து நாள் கழித்து வெங்காயம் வதக்க வேண்டும். பிறகு முட்டை பொரிக்க வேண்டும். சோப்பு ஆகவே ஆகாது.

"எண்ணெய அப்பிப் போடாதிய. பிசுபிசுண்ணு ஆவும். தேச்சிட்டு, தேய்க்காத மாதிரி தொடைக்கணும். கேட்டியளா?"

கேட்டேன். நாலு சட்டியையும் தினமும் அடுப்பேற்றினேன். பத்தாம் நாள் போல ஒன்றில் புகை கூடுதலாக எழும்பியது. தீப் பிடித்துவிடுமோ என்று பதறி, பக்கத்திலிருந்த சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டேன். கிண்ணென்று ஒரு சத்தம். விளிம்பிலிருந்து நடு வரைக்கும் முடி போல ஒரு விரிசல். அடுப்பை அணைத்தாலே போதும் என்பது வார்ப்பு இரும்பைத் தொடுகிற எவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பதறி வெப்ராளம் பிடித்தால் கை தெரிந்ததைச் செய்யாது.

மற்ற மூன்றில் முதலில் ஊற்றிய ஆப்பமெல்லாம் பிய்ந்து வந்தது. கோழிகள் தின்றன. பிறகு கோழிகளும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று வாரம் தாண்டிய பிறகு ஒரு முட்டை ஒட்டாமல் வழுக்கியது. சட்டியின் நிறம் வெள்ளியிலிருந்து தவிட்டு நிறமாகி, புள்ளிப் புள்ளியாகக் கறுத்துக்கொண்டு வந்தது. கறுப்பைப் பார்த்துச் சந்தோஷப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

ஒரு காலையில் மூன்றையும் ஆட்டோவில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். விரிசல் விட்டதையும் கொண்டுபோனேன். அதைத்தான் முதலில் காட்டினேன்.

சரோஜம் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒண்ணு போச்சு," என்றார். "செரி. நாலாவது அடுப்புல இனி சாயாத் தண்ணி கொதிக்கட்டும்."

மூன்றையும் ஏற்றினார். மாவை ஊற்றிச் சுழற்றினார், மூடினார். நான் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். பார்க்கத் தைரியமில்லை. பினு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தான். "பேடிச்சுப் போனியளா எக்கா? நான் ஒரு மாசமா இப்படித்தான் நிக்கேன்."

மூடி திறக்கிற சத்தம் கேட்டது. உள்ளே போனேன். ஒரு சட்டியில் ஓரம் பொன்னிறமாக எழும்பித் தானே சட்டியை விட்டு நின்றது. மற்ற இரண்டிலும் ஒரு பக்கம் ஒட்டியிருந்தது. சரோஜம் சட்டுவத்தின் நுனியால் கிளப்பி எடுத்தார்.

"இது வந்தாச்சு. அது ரெண்டும் ஓணத்துக்குள்ள வரும்," என்றார்.

பெஞ்சில் இருந்த பால்வெட்டுக்காரர் ஒருவர் தட்டைப் பார்த்தார். சட்டிகளை அவர் பார்க்கவில்லை. ஓரத்தை ஒடித்து வாயில் போட்டுவிட்டு, "சரோஜம்மா, இன்னும் ரெண்டு வை" என்றார். சரோஜம் என் பக்கம் திரும்பவில்லை. மாவுக் கரண்டியை மட்டும் எடுத்தார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் புளியா, சோடாவா, எந்த பிரஷ் என்று கேட்கிறார்கள். அதை யாரும் படித்துக்கொள்ளலாம். விற்கிறவரிடம் விலை பேசிவிட்டால் சாமான் நமக்குச் சொந்தமாகிவிட்டது என்று நானும் நினைத்தேன். இப்போது, இதைக் கையில் பிடித்து வேலை செய்தது யார், அவரிடம் கேட்டாயிற்றா என்று முதலில் கேட்கிறேன். அவர் உயிரோடு இருந்தால் நேரில் போய்ப் பேசுகிறேன். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அவரே சொல்லிவிடுகிறார். ஆள் இருந்தும் அவருக்குத் தெரியாமல் விற்கிறார்கள் என்றால் சாமானை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

அப்படிச் சில நாட்கள் ஆட்டோ காலியாகத் திரும்புகிறது. செல்வராஜ் வழி முழுக்க முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.