தேங்காய் எண்ணெய் தேய்த்த முகமூடி

என் வீட்டுக்காரர் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தவர். கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் இடையில் ஒரு கரிசல் ஊர். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள். சண்டைக்கு நான் பயந்தவள் இல்லை. ஆனால் அன்று அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் பாவப்பட்டவர்கள், அவர்களை இழுத்துவிட எனக்கு மனசில்லை.

நிலையத்துக்குப் பின்னாலேயே குவார்ட்டர்ஸ். நடுவில் இடுப்புயரச் சுவர். மணி அடித்தால் ஆண்கள் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடுவார்கள். பெண்கள் நாங்கள் வாளித் தண்ணீரில் துண்டை முக்கி, பிழியாமல் சுவருக்கு மேலே நீட்டுவோம். அதை முகத்தில் கட்டிக்கொண்டுதான் அவர்கள் புகைக்குள் போவார்கள். எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ்கள், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலைகள், நிறைய. குச்சியை மருந்தில் முக்குகிற அறையில் தீப் பிடித்துக்கொண்டால் கந்தகப் புகை கண்ணைத் திறக்க விடாது. திரும்பி வந்த துண்டை எவ்வளவு சோப்புப் போட்டுக் கசக்கினாலும் அந்த நெடி போகாது. அதே நெடி அவர் மூச்சிலும் வர ஆரம்பித்தது. பிறகு இருமல் வந்தது. வந்த இருமல் போகவில்லை.

நிலையத்தில் மூச்சுக் கருவி இல்லாமல் இல்லை. முகத்துக்கு ரப்பர் முகமூடி, முதுகில் மாட்டக் காற்று சிலிண்டர், எல்லாம் இருந்தன. கண்ணாடி அலமாரிக்குள் இருந்தன. அலமாரிக்குப் பூட்டு, சாவி நிலைய அலுவலரின் சட்டைப்பையில். சிலிண்டரில் காற்றுத் தீர்ந்தால் மதுரைக்கு அனுப்பித்தான் நிரப்ப வேண்டும். அது திரும்பி வருவதற்குள் இன்ஸ்பெக்‌ஷன் வந்துவிட்டால் அலமாரி காலியாகத் தெரியுமே என்று அந்த மனிதருக்குப் பயம். வீடு காலியானால் அவருக்கு என்ன?

ஆயுத பூஜைக்கும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாளும் மட்டும் அது வெளியே வரும். முகமூடி பளபளக்க வேண்டும் என்று தேங்காய் எண்ணெய் தேய்க்கச் சொல்வார் அலுவலர். தேய்க்கிற வேலை என் வீட்டுக்காரருக்கு. எண்ணெய் என் அடுக்களையிலிருந்து போகும். பூஜையன்று சந்தனம், குங்குமம் வேறு. ஒரு நாளும் புகையைப் பார்க்காத சாமானுக்குப் பொட்டு என்ன வேண்டிக் கிடக்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வருகிற அதிகாரிகளோ, புதுசு மாதிரியே வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். இந்த முறை வேறு மாதிரி அதிகாரி வருகிறார் என்றார்கள். வண்டியையும் குழாயையும் பார்க்க இல்லையாம், ஆட்களின் பாதுகாப்பும் உடல்நலமும் எப்படி இருக்கின்றன என்று மதிப்பிடவாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புகைக்குள் அனுப்பாமல் போன் எடுக்கிற வேலையில் உட்கார வையுங்கள் என்று என் வீட்டுக்காரர் பலமுறை கேட்டு அலுத்திருந்தார். வருகிறவர் அவருடைய நெஞ்சைப் பார்த்தால் போதும், காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

முந்தின நாள் நிலைய அலுவலர் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"ஏம்மா, நாளைக்கு ஒங்க வீட்டுக்காரர் வரிசையில நிக்க வேண்டாம். இருமிக்கிட்டே இருந்தா நல்லாவா இருக்கும்? வீட்டுக்குள்ளயே இருக்கட்டும். வெளிய பூட்டிட்டு நீங்க பக்கத்து வீட்டுல இருந்துக்கிடுங்க."

என் வீட்டுக்காரர் சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு எனக்கு வந்த கோபம் அலுவலர் மேல்கூட வரவில்லை. அன்று ராத்திரி சோற்றை வைத்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு, வாளிகளுக்கெல்லாம் சிவப்புப் பெயிண்ட். நான் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றேன், கதவில் போடவில்லை. அதிகாரி அலமாரியைப் பார்த்துச் சிரித்தபோது எங்கள் வீட்டுக்குள்ளிருந்து இருமல் கிளம்பியது. அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல் வெடிக்கிற இருமல்.

"யார் அது?" என்றார் அதிகாரி.

"குவார்ட்டர்ஸ்ல யாரோ சொந்தக்காரங்க சார். சீக்காளி" என்றார் அலுவலர்.

நான் சுவரைத் தாண்டி நிலையத்துக்குள் போய்விட்டேன். சேலையைச் செருகியது ஞாபகம் இருக்கிறது, பயந்தது ஞாபகம் இல்லை.

"யாரோ இல்ல சார், எங்க வீட்டுக்காரவிய. ஒங்க ஆளுதான். இவ்வளவு காலமும் ஈரத்துண்டக் கட்டிக்கிட்டுக் கந்தகத்துக்குள்ள போயி வந்த இருமல் அது. ஒங்க காதுல விழக்கூடாதுன்னு உள்ள வச்சுப் பூட்டச் சொல்லுதாவ. ஆளுகளப் பாக்க வந்துட்டு அலமாரியப் பாத்துக்கிட்டு நிக்கீங்களே!"

அதிகாரி என் வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொன்னார். கைலியோடு வந்து நின்றவரிடம், "அந்த மாஸ்க்கை எடுத்து மாட்டுங்க, பார்ப்போம்" என்றார்.

அத்தனை வருஷச் சர்வீஸில் அன்றுதான் அவர் அதை முகத்துக்குக் கொண்டுபோனார். தலையில் மாட்டுகிற ரப்பர் வாரை இழுத்தார். அது பிசுபிசுவென்று நீண்டு கையோடு வந்துவிட்டது. இன்னொரு வாரை இழுத்தார், தாடைப் பக்கம் கிழிந்து தொங்கியது. வருஷக்கணக்காகத் தேய்த்த எண்ணெய் ரப்பரைத் தின்றிருந்தது.

"ரப்பர்ல எண்ணெய் போடக்கூடாதுன்னு இங்க ஒருத்தருக்குமா தெரியாது? யார் தேய்ச்சது?"

அலுவலர் கூசாமல் என் வீட்டுக்காரரைக் கை காட்டினார். தேய்க்கச் சொன்னது யார் என்று அதிகாரி கேட்கவில்லை.

மதிப்பீடு முடிந்து வந்தது என்ன தெரியுமா? அரசுப் பொருளைச் சேதப்படுத்தியதற்கு என் வீட்டுக்காரருக்கு ஒரு மெமோ. அலமாரிக்கு ஒரு புது முகமூடி. அதே பூட்டு, அதே சாவி. அவருடைய இருமலைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அந்த முகமூடியை ஒரு நாள்கூட மாட்ட விடாமல் நெஞ்சைக் கெடுத்தவர்கள், அதைக் கெடுத்தாய் என்று அவரிடமே விளக்கம் கேட்டார்கள். பதில் எழுத உட்கார்ந்தவர் இருமி இருமிப் பேனாவை வைத்துவிட்டார்.

அதன்பிறகு மிளகாய் வற்றல் காயப்போடுகிற வெயில் காலம். முற்பகலில் மணி அடித்தது. தீப்பெட்டி ஆபீஸ் என்று கத்தினார்கள். மற்றப் பெண்களிடம் நான் முன்பே பேசி வைத்திருந்தேன், ஒருத்தியும் துண்டை நனைக்கவில்லை. வெறும் கையோடு சுவரோரம் வரிசையாக நின்றோம்.

"துண்டு எங்கட்டி?" என்று ஓடி வந்தார் என் வீட்டுக்காரர்.

"துண்டு கெடையாது. அந்த அலமாரியத் தொறக்கச் சொல்லுங்க."

வண்டி உறுமிக்கொண்டு நின்றது. அலுவலர் எங்களைப் பார்த்துக் கத்தினார், ஒருத்தியும் அசையவில்லை. தூரத்தில் புகை எழும்புவது அங்கிருந்தே தெரிந்தது. கடைசியில் அவர் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் முகமூடியையும் சிலிண்டரையும் எடுத்தார். வண்டி நிறைய ஆட்கள். அலமாரியில் இருந்தது அந்த ஒன்றுதான்.

ஒரு நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், புதிதாக வேலைக்கு வந்திருந்த ஆளின் கையில் கொடுத்தார்.

"ஏலே, நீ மாட்டு. ஒனக்குக் கைப்பிள்ள இருக்கு."

பிறகு சுவரருகே வந்து, இருமிக்கொண்டே என்னிடம் கையை நீட்டினார்.

நான் துண்டைத் தண்ணீரில் முக்கிக் கொடுத்தேன்.