பைக்கில் மூன்று நிமிடம்

காரைக்குடிக்கு வெளியே ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் இருக்கிறேன். பக்கத்துத் தீம் பார்க்குக்கு எப்படிப் போவது என்று கேட்பவர்களிடம், "நடந்தே போயிரலாம்" என்பேன். யாரும் சொல்லிக் கொடுத்த பதில் இல்லை, நானாகச் சொன்னது.

போன மே மாதம், பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு அம்மா ஆட்டோ கூப்பிடச் சொன்னார். கூடவே ஆறு வயது மகள். "எதுக்கு ஆட்டோ? அந்தா ராட்டினம் தெரியுதுல்ல, நடந்தே போயிருவீக" என்று சன்னலைக் காட்டினேன்.

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். குழந்தை அவர் தோளில் துவண்டு கிடந்தது. பைபாஸைக் கடக்க இடமே இல்லாமல், நிழலும் இல்லாமல் சுற்றியதில் பிள்ளை பாதி வழியிலேயே வாந்தியெடுத்துவிட்டதாம். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன்.

"நீங்க ஒருநாளாச்சும் நடந்து போயிருக்கீகளா?" என்று மட்டும் கேட்டார்.

போனதில்லை. எப்போதும் பைக்தான்.

மறுநாள் அதே வெயிலில் நடந்து பார்த்தேன். பாதியிலேயே முடியாமல் ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிவிட்டேன். திரும்பி வந்தபோது அவர்கள் அறையைக் காலி செய்திருந்தார்கள். அந்தக் குழந்தை ராட்டினத்தை எங்கள் சன்னலிலிருந்து பார்த்ததோடு சரி.