கழுவாத கொப்பரை

பதினோராவது தடவையும் கம்ப்யூட்டர் திரையில் கொதித்த கொப்பரையிலிருந்து கரிதான் வந்தது. ஜோவின் மவுஸை மேசைமேல் தட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"லக்கு இல்லக்கா. இந்த கேம்ல எல்லாமே லக்குதான்."

அவன் இடது காலில் முழங்கால்வரை மாவுக்கட்டு. 2005 ஜூன் மாதம் ஏலகிரி மலைப்பாதையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் பைக்கோடு சறுக்கி விழுந்து எலும்பு முறிந்திருந்தது. பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிப்பவன் வீட்டிலேயே கிடக்கிறானே என்று அவன் நண்பன் ஒருவன் 'ஓரன்டேல்' என்ற விளையாட்டை ஒரு சிடியில் பதிந்து கொண்டுவந்து கொடுத்தான். சிடி மட்டும்தான். அதோடு வரவேண்டிய விளக்கப் புத்தகம் இல்லை.

கேத்தரின் அவன் அக்கா. வயது இருபத்தைந்து. வேலூரில் வேதியியல் பட்டம் வாங்கிவிட்டு, ஆம்பூருக்கு வெளியே இருந்த ஒரு தோல் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் மூன்று வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். சாயத்தின் நிறம் மாதிரித் துண்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. "கொஞ்சம் சிவப்பு ஜாஸ்தி" என்று அவள் சொன்னால் மேலாளர் கோதண்டபாணி மறுபேச்சு பேசமாட்டார். அந்தக் கண்ணுக்கு அவ்வளவு மரியாதை இருந்தது. அது தனக்கு உண்டு என்று அவளுக்கும் தெரியும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வந்து, பிரியாணி சாப்பிட்டு, தம்பிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுச் சும்மா வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாதான்டா பண்ணணும் இதுல?"

ஜோவின் சொன்னான். பனிக்கோட்டையின் வாசல் உறைந்து கிடக்கிறது. அதைத் திறக்க, பனியை உருக்கும் மந்திர விளக்கு ஒன்று வேண்டும். விளையாட்டில் விளக்கைக் கடையில் வாங்க முடியாது. கொப்பரையில் காய்ச்சித்தான் எடுக்க வேண்டும். முப்பத்து நான்கு சரக்குகள் இருக்கின்றன: கற்கள், உலோகங்கள், வேர்கள், மெழுகு, சாம்பல். ஒரு தடவைக்கு அதிகபட்சம் மூன்றுதான் போடலாம். எதை முதலில் போடுகிறோம், தீயை எந்த அளவில் வைக்கிறோம் என்பதெல்லாம் கணக்கு. விளக்குக்கான செய்முறை ஒரு கல்வெட்டில் கிடைத்துவிட்டது: நெருப்புக்கல், செம்பு, தேன்மெழுகு; இளந்தீ. அப்படியே செய்தும் கரிதான் வருகிறது. நெருப்புக்கல் இருப்பதோ ஒன்றே ஒன்று. ஆகவே, காய்ச்சுவதற்கு முன்னால் சேமித்து வைத்த இடத்துக்கே திரும்பிப் போய், மறுபடி மறுபடி முயற்சி செய்கிறான்.

"பதினோரு தடவையும் அதே எடத்துலருந்தா ஆரம்பிச்ச?"

"ஆமா."

"பதினோரு தடவையும் கரிதானா?"

"அதான் சொல்றேனே, லக்கு இல்லன்னு."

"லக்குன்னா ஒரு தடவையாவது விழுந்திருக்கணும்டா. பதினோரு தடவையும் ஒரே மாதிரி வந்தா அதுக்குப் பேரு லக்கு இல்ல. நகரு."

ஜோவின் நகரவில்லை. காலைத் தூக்க முடியாதே. அவளே அவன் நாற்காலியோடு சேர்த்து அவனைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டு ஸ்டூலை நடுவில் போட்டுக்கொண்டாள். தன் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் கோடு போட்டாள். எண், சரக்கு, வரிசை, தீ, விளைவு.

நெருப்புக்கல்லைத் தொடவில்லை. எளிதில் கிடைக்கும் சரக்குகளை மட்டும் எடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தாள். செம்பை முதலில் போட்டு மெழுகைப் பின்னால் போட்டால் மோதிரம். மெழுகு முன்னால் போனால் புகை. தீயைக் கூட்டினால் மோதிரத்தில் விரிசல். அம்மா அமிர்தவள்ளி காபி கொண்டுவந்து வைத்தபோது முப்பது வரிகள் நிரம்பியிருந்தன. அவர் பஞ்சாயத்துப் பள்ளி ஆசிரியை. நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ தொழிற்சாலை வேலையை மகள் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து வந்த நாட்களிலும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் ஒரு மணி நேரம் அதில் உட்கார்ந்தாள். வியாழக்கிழமை அறுபது வரிகளைத் தாண்டியது. அங்கேதான் உதைத்தது. செம்பும் மெழுகும் சேர்ந்து முதல் நாள் மூன்று தடவை தொடர்ந்து மோதிரம் கொடுத்திருந்தன. அதே சரக்கு, அதே வரிசை, அதே தீ, இப்போது கரி.

"பாத்தியா? லக்கு" என்றான் ஜோவின். அவனுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட.

"நான் எழுதாத ஏதோ ஒண்ணு மாறியிருக்கு. அது இன்னான்னு தெரியல. அவ்ளோதான்."

அதை அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. கண்டுபிடித்துவிடலாம் என்ற தைரியம் அவள் குரலிலேயே இருந்தது.

மறுநாள் தொழிற்சாலையில் ஒரு வெளிர் நிறச் சரக்கின் மாதிரியை வாங்கிவரச் சாயப் பகுதிக்குப் போனாள். அங்கே ஆளைவிட உயரமான மர ட்ரம்கள் வரிசையாகச் சுழன்றுகொண்டிருக்கும். தோலும் சாயமும் அவற்றுக்குள்தான் ஒன்றாகப் புரளும். ட்ரம் ஓட்டும் காசி யாரையோ பிடித்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"காலைல அதுல கறுப்பு ஓட்னியா இல்லியா? கழுவாம வெளிர் சரக்கப் போட்டா இன்னாத்துக்கு ஆகும்? உள்ள ஒட்டிக்கினு இருக்கறது சும்மா வுடுமா?"

கேத்தரின் நின்றுவிட்டாள்.

"இன்னாமா, மாதிரி வேணுமா?" என்றார் காசி.

"வேணும் காசிண்ணே. நீங்க இப்ப இன்னா சொன்னீங்க?"

"உன்ன இல்லமா, இவனச் சொன்னேன்."

மாதிரியை வாங்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பும்போது அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு நோட்டைத் திறந்தாள். புதிதாக எதுவும் எழுதத் தேவையிருக்கவில்லை. கரி வந்த ஒவ்வொரு தடவைக்கும் முந்தைய வரியில் என்ன காய்ச்சப்பட்டது என்று விரலை மேலே நகர்த்திப் பார்த்தாள். எட்டு தடவை கரி. எட்டுக்கும் முந்தைய வரியில் ஒரே பெயர்: காயம் ஆற்றும் கஷாயம். அது நீர்வேரில் காய்ச்சுவது.

"ஜோவின், கோட்டை வாசலுக்கு வந்து சேமிச்சியே, அதுக்கு முன்னாடி இன்னா காய்ச்சின?"

"கஷாயம்தான். பெரிய சண்டைக்கு முன்னாடி எல்லாரும் அதத்தான காய்ச்சுவாங்க."

"அந்தத் தண்ணிச் சத்து கொப்பரையிலயே நிக்குதுடா. அதுமேல நெருப்புக்கல்லப் போட்டா அணைஞ்சு கரிதான் வரும். நீ பதினோரு தடவை திரும்பிப் போனாலும் அழுக்குக் கொப்பரைக்குத்தான் திரும்பிப் போற."

ஜோவின் நோட்டைத் தன் பக்கம் இழுத்து அந்த வரிகளைப் பார்த்தான்.

கொப்பரையைக் கழுவ விளையாட்டில் பொத்தான் எதுவும் இல்லை. உப்பைத் தனியாகக் காய்ச்சினார்கள், பலனில்லை. மணல், காடி, வெறும் தீ என்று எல்லாவற்றையும் பார்த்தார்கள். கடைசியில் சாம்பல். வழியெல்லாம் கிடைக்கும், சுமை என்று எல்லோரும் தூக்கி எறிந்துவிடும் சாம்பல். தனியாகப் போட்டதும் திரையில் 'ஒன்றும் உருவாகவில்லை' என்று வந்தது. அதற்குமேல் செம்பையும் மெழுகையும் போட்டாள். மோதிரம் வந்தது. கஷாயம் காய்ச்சி, சாம்பல் போட்டு, மறுபடி செய்தாள். மோதிரம். ஐந்து தடவை செய்த பிறகுதான் நெருப்புக்கல்லை எடுக்க அனுமதித்தாள்.

"நீயே போடு" என்று மவுஸைத் தம்பியிடம் கொடுத்தாள்.

விளக்கு எரிந்தது. ஜோவின் போட்ட கூச்சலில் அப்பா அந்தோணி கால்கட்டுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து உள்ளே ஓடிவந்தார்.

அவள் அதோடு விடவில்லை. சனிக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் நசீர் அகமது நடத்திய பிரவுசிங் சென்டருக்குப் போனாள். 'ஓரன்டேல்' ஆடுபவர்கள் கூடிப் பேசும் இணையதளம் ஒன்று இருந்தது. அங்கே யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் நூறு பக்கத்துக்குமேல் வழிகாட்டி எழுதி வைத்திருந்தார். கொப்பரையைப் பற்றிய பகுதியில், பத்துக்கு நான்கு தடவை கெட்டுப்போகும், அது அதிர்ஷ்டம், ஒன்றும் செய்ய முடியாது என்று இருந்தது. அதன் கீழே கேத்தரின் தன் அட்டவணையை வரி வரியாகத் தட்டச்சு செய்தாள். அரை மணி நேரத்துக்குள் ஒருவர், வழிகாட்டியை முதலில் படித்துவிட்டு வரச்சொல்லிக் கிண்டலாகப் பதில் போட்டார். அவள் பதிலுக்கு நான்கே வரி எழுதினாள்: 'படித்தேன். அது தவறு. என்னை நம்ப வேண்டாம். கஷாயம், மோதிரம் என்று பத்து தடவை காய்ச்சுங்கள். பிறகு கஷாயம், சாம்பல், மோதிரம் என்று பத்து தடவை. வந்ததை இங்கே எழுதுங்கள்.'

அடுத்த சனிக்கிழமை போனபோது இருபத்தாறு பதில்கள். கடைசிப் பதில் வழிகாட்டி எழுதியவருடையது. நசீர் அகமது அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா எழுதிக்கிறான்?"

"இருபது தடவை செஞ்சு பாத்தாராம் பாய். நான் சொன்னதுதான் சரியாம். அந்தப் பகுதியத் திருத்தி, எம் பேரைப் போடறாராம்."

"பேர கரெக்டா போடச் சொல்லுமா. ஊர் பேரையும் சேத்துப் போடச் சொல்லு."

சேர்த்தே போட்டார்கள். 'கேத்தரின், ஆம்பூர்.' ஜோவின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, கட்டுப் பிரிக்கப் போன அன்று ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கெல்லாம் காட்டினான். கேத்தரின் அடுத்த இரண்டு வருடத்தில் வேறு மூன்று விளையாட்டுகளுக்கு இப்படி அட்டவணை போட்டாள். தொழிற்சாலையில் கோதண்டபாணி புதிய நிறங்களுக்குச் செய்முறை எழுதும் வேலையை முழுதாக அவளிடமே விட்டுவிட்டார்.

2007 ஜனவரியில் வேலூர் பாகாயத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் ஜெஸ்டன், ஆஸ்பத்திரியில் நர்ஸ். கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே அவன் அத்தை கேட்டார்: "வேலைலருந்து வந்தா பொண்ணு இன்னா பண்ணும்?"

"தையல்..." என்று அமிர்தவள்ளி ஆரம்பித்தார்.

"கம்ப்யூட்டர்ல கேம் ஆடுவேன் ஆண்ட்டி" என்றாள் கேத்தரின்.

ஜோவின் சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஜெஸ்டன் தட்டைக் கீழே வைத்தான்.

"கார் ரேஸா?"

"இல்லீங்க. மந்திரப் பொருளெல்லாம் நாமளே காய்ச்சி எடுக்கணும்."

"கஷ்டமா?"

"நான் சொல்லிக்குடுத்தா ஒரு வாரத்துல வந்துடும். நீங்களே கண்டுபுடிச்சா நாளாகும். ஆனா அதுலதான் மஜா."

ஜெஸ்டன் தட்டைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டான்.

"அப்ப சொல்லிக்குடுக்காதீங்க" என்றான்.

கேத்தரின் அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினாள். மே மாதம் கல்யாணம் நடந்தது.