சிவப்புச் சாயம் ஏறிய ஷூக்கள்

அன்று சிவன்மலை அடிவாரத்தில் முதலாளி இருந்தார், மேனேஜர் இருந்தார், எங்கள் பனியன் கம்பெனிக்காக ஓட வந்த நாங்கள் எட்டுப் பேரும் இருந்தோம். கம்பெனிச் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர் மட்டும் இல்லை. மலையைப் பத்து முறை ஏறி இறங்கும் அந்தப் போட்டிக்குப் பழகியபோது எங்களையெல்லாம் முந்தியவர் அவர்தான்.

ஒல்லியான ஆள். கணுக்கால் வரை நீலச்சாயம். டயரை வெட்டி, பனியன் துணியால் காலோடு கட்டிக்கொண்டுதான் ஓடுவார்.

"துணி வாங்குற வெள்ளைக்காரன் பார்க்க வர்றான். இந்தப் பிச்சைக்காரக் காலோட கம்பெனி பேர்ல ஓடாதே" என்று போட்டிக்கு முந்தின வாரம் எல்லார் முன்னாலும் மேனேஜர் அவரை ஓட்டக்காரர் பட்டியலிலிருந்து நீக்கினார். எங்களுக்கு வந்த வெள்ளை கேன்வாஸ் ஷூக்களைக் கம்பெனிச் சிவப்பில் முக்கித் தரும்படி அவரிடமே கொடுத்தார்.

கொதிக்கும் தொட்டியில் அவர் ஷூக்களைக் குச்சியால் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இவ்வளவு சூடு வேணுமுங்களா?" என்றேன்.

"நல்லாப் புடிக்கோணும்னு மேனேஜர் சொல்லியிருக்காருங்க கண்ணு" என்று சிரித்தார்.

போட்டியன்று மூன்றாவது ஏற்றத்தில் பசை விட்டு என் ஷூவின் அடி கழன்று விழுந்தது. சற்று நேரத்தில் எட்டுப் பேருமே பாறைகளில் உட்கார்ந்துவிட்டோம். அப்போதுதான் நம்பர் இல்லாத பனியனோடு அவர் எங்களைத் தாண்டி ஏறினார். பத்து முறையும் ஏறி இறங்கி, நேராக மேனேஜர் முன்னால் போய் நின்று ஒரு காலைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க சாமி, பிச்சைக்காரக் காலு அப்படியே இருக்குதுங்க."

வெள்ளைக்காரர் விஷயம் புரியாமல் கைதட்டினார்.

மறுநாள் முதல் அவர் வேலைக்கு வரவில்லை. அத்தனை வஞ்சத்தை வைத்துக்கொண்டு அன்று எப்படி அவ்வளவு சாதாரணமாகச் சிரித்தார் என்று இன்றும் யோசிக்கிறேன். எட்டு ஜோடி ஷூவுக்குக் கம்பெனி அழுதது மூவாயிரத்து இருநூறு ரூபாய்.