கேம் பாட்டுக்குக் கெட்டிமேளம்

வீடியோ கேமுகளின்ரை தீம் பாட்டை ரீமிக்ஸ் பண்ணி வெளியிடுறதும் ஒரு தொழில்தான் எண்டு யாழ்ப்பாணத்திலை ஒருத்தருக்கு விளங்கப்படுத்துற நேரத்துக்கு நாலு ரீமிக்ஸ் செய்துபோடலாம். வீட்டிலை கொம்பியூட்டருக்கு முன்னாலை முதுகு முறிய இருந்து, 'சும்மா இருக்கிறான்' எண்டு பேர் வாங்கின ஆக்களே, இது உங்களுக்குத்தான்.

பொம்பிளை கேட்டுப் போனது

உடுப்பிட்டித் தர்சினியும் நானும் மூண்டு வருசமா விரும்பியிருக்கிறம். அவளின்ரை தகப்பன் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நானே நேரிலை போய்க் கேட்டன். தொழில் என்ன எண்டார். வெளிநாட்டுக் கேம் கொம்பனி ஒண்டு தங்கடை தீம் பாட்டுக்கு ரீமிக்ஸ் கேட்டிருக்கு, நாதஸ்வரம் தவிலோடை மாத்திச் செய்யிறன், பிடிச்சால் என்ரை பேரோடை வெளிவரும் எண்டு வேர்க்க விறுவிறுக்கச் சொன்னன். மனிசன் கண்ணாடியைக் கழட்டினார்.

"கேமும் உம்மடை இல்லை, பாட்டும் உம்மடை இல்லை. முதல்லை பேர் வரட்டும், பிறகு கதைப்பம்."

மதிலுக்கு மேலாலை

கொக்குவிலிலை எங்கடை வீட்டு முன்னறைதான் ஸ்டூடியோ. பாட்டிலை ஒரு சின்னத் துண்டைத் திருப்பித் திருப்பிக் கேட்டால்தான் பிழை பிடிபடும். மூண்டாம் நாள் பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பாத்தா.

"தம்பி, காலமையிலை இருந்து சீடி ஒரே இடத்திலை சிக்கி நிக்குது, எடுத்து ஒருக்காத் துடைச்சுப் போடும்."

கை காட்டினது

கீரிமலைப் பக்கத்து நாதஸ்வரக்கார அண்ணையையும் தவில்கார அண்ணையையும் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்தன். என்னட்டை இருக்கிறது ஒரேயொரு மைக். கேமிலை ராட்சதன் விழுற இடத்திலை தவில் கூடிப்போச்சு. ஐயோ, நிப்பாட்டுங்கோ எண்டு கையை உயத்தி ஆட்டினன். அவ்வளவுதான்! தாலி கட்டேக்கை அடிக்கிற கெட்டிமேளத்தை ரெண்டுபேரும் அடிச்சுக் கிழிச்சினம். நான் ஆட்ட ஆட்ட அவை இன்னும் அடிச்சினம்.

அனுப்பக் கடைசி நாளும் அண்டைக்குத்தான். திரும்ப எடுப்பமெண்டால் அவைக்கு ஒரு கலியாண வீட்டுக்குப் போகவேணும். ஒரே மைக்கிலை பதிஞ்சதைப் பிரிச்சு வெட்டவும் ஏலாது. தவில்கார அண்ணை ஓட்டோவிலை ஏறேக்கை ஆறுதலாச் சொன்னார்.

"ஐயர் கையை ஆட்டினால் நாங்கள் அடிக்கிறது தம்பி, நிப்பாட்டச் சொல்லி எங்களுக்கு ஒருத்தரும் கை காட்டினதில்லை."

வந்த மறுமொழி

இது துலைஞ்சால் தர்சினியும் இல்லை. அழாக்குறையா அப்பிடியே அனுப்பினன். ஒரு கிழமையிலை கொம்பனியிட்டை இருந்து மறுமொழி வந்திது. எடுத்திட்டினம், என்ரை பேரும் போடுகினமாம்! நித்திரை முழிச்சு நான் திருத்தின இடங்களைப் பற்றி ஒரு சொல்லுத்தன்னும் இல்லை, அவை கேட்டது இதொண்டைத்தான்.

"நடுவில் வரும் அந்த வெடிப்பை எந்த மென்பொருளில் செய்தீர்கள்?"

பேர் வந்தது

பாட்டு வெளிவந்த அண்டே போனோடை உடுப்பிட்டிக்கு ஓடினன். மனிசன் என்ரை பேரை எழுத்துக்கூட்டி வாசிச்சார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார். தர்சினி கதவு நிலையைப் பிடிச்சபடி நிண்டாள். பாட்டு முடிய மனிசன் திரும்பவும் கண்ணாடியைக் கழட்டினார்.

"சரி, கலியாணத்துக்கு மேளக்காரரை நான் பிடிக்கிறன், நீர் ஒண்டையும் மாத்தாமல் வந்து இரும்."

பிள்ளையைத் தாறன் எண்டதைக்கூட ஏச்சாத்தான் கேக்கவேண்டிக் கிடக்கிற தொழில், கண்டியளே, இது.