முதல் போணிக்கு ஒரு சுற்று

பிள்ளைகளே, அப்பா ஒரு காலத்தில் சூரியனைப் பிடித்து வைக்கும் வேலையில் இருந்தவன் என்றால் நீங்கள் இருவரும் சிரிக்கிறீர்கள். ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் 1991-இல், அந்தப் பக்கமெல்லாம் நெல் விளைந்தபோது, தண்டலத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில் அது நடந்தது. நடந்தபடியே எழுதுகிறேன்.

கொட்டகையில் பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுத்தோம். ஐ.டி.ஐ. முடித்திருந்த நான் சுற்றுவேன், முதலாளி பேசுவார். அங்கேதான் ஓர் இன்ஜினியர் வந்து இறங்கினார். வடக்கே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் காந்தம் டிசைன் செய்வது அவர் உத்தியோகம். சூரியனுக்குள் எரிகிற மாதிரி ஒரு நெருப்பை வளையத்துக்குள் எரியவிட்டுக் கரண்டு எடுக்கப் போகிறார்களாம். அந்தச் சூட்டை எந்தப் பாத்திரமும் தாங்காது. அதனால் தொடாமல் அந்தரத்தில் பிடித்து வைக்கக் காந்தம். வளையத்தைச் சுற்றி எட்டுக் காந்தச் சுருள்கள். எட்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும், ஒன்று பிசகினாலும் நெருப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

பெரிய கம்பெனிகள் வெறும் எட்டுக்காக மெஷினைத் திருப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டன. எங்கள் முதலாளி, "எட்டா? எறக்குங்க சார்" என்றார். சூரியன் தண்டலத்துக்கு வந்தது இப்படித்தான்.

இது இன்ஜினியருடைய முதல் டிசைன். சரியாக வந்தால் காந்தப் பிரிவே அவர் கைக்கு வரும். வராவிட்டால் வேலை வெளிநாட்டுக்கும், அவர் பழையபடி மற்றவர்களின் கணக்கைச் சரிபார்க்கும் மேசைக்கும் போய்விடும். டீ குடிக்கும்போது அவரே சொன்னார்.

ஒரு சுருளுக்கு இருபது சுற்று. முதல் சுருளைச் சுற்றிக் கண்ணாடிநார் நாடா கட்டி, பிசின் ஊற்றி இறுக வைத்தோம். இறுகிவிட்டால் உள்ளே எத்தனை சுற்று என்று கடவுளுக்கும் தெரியாது. இன்ஜினியர் வந்து கரண்டு கொடுத்து நடுவில் மீட்டரை வைத்தார். நூறு காட்ட வேண்டிய இடத்தில் நூற்றைந்து காட்டியது.

அவர் மீட்டரைத் தட்டினார். வேறு மீட்டர் வரவழைத்தார். அதுவும் நூற்றைந்து. சுருளின் வெளிவிளிம்பு சற்றுத் தடித்திருந்ததை நாடா கூடிப்போனதாக நினைத்துக்கொண்டார். பக்கத்தில் இரும்பு இருப்பதால் என்று நினைத்து வேலை மேசையை வெளியே தூக்கிப் போடச் சொன்னார். போட்டோம். எதிரே நின்ற டிராக்டரை நகர்த்தச் சொன்னார். டிராக்டர்காரர், "எங்கப்பா காலத்துலேந்து இங்கதான் நிக்குது, இப்ப இன்னா சார் உங்க காந்தத்துக்கு வந்துச்சு?" என்று முனகிக்கொண்டே நகர்த்தினார். அப்போதும் நூற்றைந்துதான். கடைசியில் தன் கணக்கே தப்பு என்று முடிவு கட்டி, இரண்டு நாள் சோறு தண்ணியில்லாமல் முதலிலிருந்து போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கணக்கு சரியாகவே வந்து அவரை வாட்டியது.

முதலாளிக்கு மனசு கேட்கவில்லை. "இன்னா சார், வூட்ல யாருக்கானா ஒடம்பு சரியில்லயா?"

"காந்தம் நூத்துக்கு அஞ்சு கூட இழுக்குதுங்க. ஏன்னே தெரியல."

முதலாளி முகம் மலர்ந்தது. "கூடத்தானே சார் இழுக்கும்! ஒரு சுத்து சேத்து இல்ல போட்டுக்கீறோம்!"

எங்கள் கொட்டகையின் வழக்கம் அது. எந்த ஆர்டரிலும் முதல் உருப்படிக்கு ஒரு சுற்று கூடப் போடுவோம், போணி நன்றாக இருக்க வேண்டும் என்று. பம்புசெட் அதைக் கண்டுகொள்ளாது. முதலாளி சொல்ல, இருபத்தோராவது சுற்றை நான்தான் போட்டேன். டிராயிங்கில் அதற்கு இடமில்லையே என்று எனக்கும் தோன்றவில்லை. நல்லதுக்கு எதற்கு டிராயிங்?

சுருளைப் பிரிக்க முடியாது. புதிதாகச் செய்யச் செம்பு கிடையாது, அது சூடு தணியத் தண்ணீர் ஓட நடுவில் துளையுள்ள விசேஷச் செம்பு, எட்டுக்கும் அளந்து வந்தது. மத்தியானம் முழுக்க இன்ஜினியர் தரையில் சாக்கட்டியால் எழுதி எழுதி அழித்தார். பிறகு எழுந்து வந்தார். கரண்டு இணைப்புக்காக ஒவ்வொரு சுருளிலும் நீளமாக விடச் சொல்லியிருந்த கம்பி வாலைக் குறைத்தால் எல்லாவற்றுக்கும் ஒரு சுற்று தேறுமாம். எட்டும் ஒன்றுபோல ஆகிவிடும், கரண்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

"மீதி ஏழுலயும் ஒண்ணு சேத்துப் போட்டுடுங்க."

"அதெப்படி சார்? போணின்னா மொதலுக்குத்தான். எல்லாத்துக்கும் போட்டா அது போணியே இல்ல."

"ஐயா, கெஞ்சிக் கேக்கறேன்."

"கேட்டு வாங்கறதுக்குப் பேரு வேற சார். அதுக்குக் கூலி உண்டு."

வேண்டாத சுற்றை இனாமாகப் பெற்ற மனிதர், அதே சுற்றை ஏழு தடவை கூலி கொடுத்து வாங்கினார்.

வேலை முடிந்ததும் அவருடைய மேலதிகாரி பார்வையிட வந்தார். டிராயிங்கையும் சுற்றுக்கணக்கு எழுதிய கூலி பில்லையும் மாறி மாறிப் பார்த்து, "இருபத்தொண்ணு எப்படி?" என்றார். முதலாளி, "அது வந்து சார்..." என்று பெருமையாக ஆரம்பித்தார்.

இன்ஜினியர் முந்திக்கொண்டார். "முதல் சுருளை டெஸ்ட் பண்ணதுல தெரிய வந்தது சார். அதுக்கேத்தாப்ல டிசைனை மாத்திட்டேன்."

ஒரு சொல் கூடப் பொய்யில்லை. மேலதிகாரி அவர் முதுகில் தட்டி, சொந்த டிசைனைத் தானே திருத்துகிற தைரியம் எல்லோருக்கும் வராது என்றார். அந்தப் பிரிவு அவர் கைக்கு வந்தது. பிற்பாடு இன்ஜினியரே வந்து சொன்னார், எட்டுக் காந்தங்களும் நெருப்பைச் சாயாமல் பிடித்தனவாம். எவ்வளவு நேரம் என்று முதலாளி கேட்டார். கண் இமைக்கும் நேரத்துக்கும் கம்மி என்றார். அதற்கே அங்கே எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம்.

இதைச் சொல்ல வந்தபோது அவர் இன்னொன்றும் சொன்னார். அடுத்த காந்தம் மிகப் பெரியது, வேலை பெரிய கம்பெனிக்குப் போகிறது.

"ஏன் சார், நாங்க பண்ண மாட்டமா?"

"உங்க ஷெட்டு வாசல்ல அது நுழையாதுங்க."

"வாசல இட்ச்சிடலாம் சார்."

"ஷெட்டை விடவே பெரிசுங்க."

முதலாளி என் பக்கம் திரும்பி, "வல்லத்துக்காரர் பம்புசெட் மோட்டார் இன்னாப்பா ஆச்சு?" என்றார்.

பதவி உயர்ந்த மனிதரை அவ்வளவு வாடிய முகத்தோடு நான் பார்த்ததில்லை. "டீ சாப்ட்டுப் போங்க சார்" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். பஸ் வர இன்னும் வெகு நேரம் இருந்தது. அதுவரை, எங்கள் வாசலுக்கு எதிரிலேயே, வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.