ஃப்ரீசரில் வைத்த ஹார்ட் டிஸ்க்

இதை ராத்திரியில்தான் படிக்க வேண்டும் என்றில்லை. நடந்ததே பட்டப்பகலில்தான். 2010 மே 30, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கும் பகல் ஒரு மணிக்கும் நடுவில். எனக்குக் காய்ச்சல் இல்லை. குடிப்பழக்கம் இல்லை. முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருந்தேன். வேலைக்காக நேரங்களை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். அந்தக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வெங்கட் இறந்து அன்றோடு நாற்பத்தோரு நாள். ஹைதராபாத் ஓரம் பட்டான்செரு தாண்டி ஒரு லாரியின் பின்னால் மோதியது அவன் பைக். முதுகில் லேப்டாப் பை.

நானும் அவனும் திருச்சியில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒரே ரயிலில் ஹைதராபாத் வந்து, ஒரே கம்பெனியில், ஒரே டீமில் சேர்ந்தோம். பிறகு அவன் எங்கள் டீமுக்கு லீட் ஆனான். எங்கள் மேஜைகளுக்கு நடுவில் ஒரு தடுப்பு. டீ குடிக்கப் போகலாம் என்று வாய் திறந்து கூப்பிடமாட்டான். மோதிர விரலால் தடுப்பில் தட்டுவான். டக் டக்... டக். இரண்டு, ஒரு இடைவெளி, பிறகு ஒன்று. நான் எழுந்துவிடுவேன். கீழே போய்ப் பத்து நிமிஷம் ஒரு வார்த்தை பேசாமல் டீ குடிப்போம். பேசாமல் உடன் உட்கார ஒருவன் கிடைப்பது சுலபமில்லை. எனக்குக் கிடைத்திருந்தான்.

2009 மார்ச் 13, வெள்ளிக்கிழமை, எனக்கு வேலை போனது. அது ஆட்குறைப்புக் காலம். எங்கள் கம்பெனியில் டீமுக்கு ஒருவர் என்று கணக்கு. வெங்கட் கேட் வரைக்கும் கூட வந்தான்.

"எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்டா ராமு. கேக்கமாட்டேன்னுட்டாங்க."

அவன் கண் கலங்கியிருந்தது.

மே மாதம் வைத்திருந்த என் கல்யாணம் நின்றது. பெண் வீட்டார் மரியாதையாகத்தான் சொன்னார்கள். சனத்நகரில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனேன். பழைய நண்பர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். வெங்கட் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் லோத்குண்டாவில் என் வீட்டுக்கு வருவான். எதிரில் உட்காருவான். பேசமாட்டான். அந்த மௌனத்தை நான் நட்பு என்று நினைத்திருந்தேன்.

மே 29, சனிக்கிழமை மாலை, அவன் மனைவி ரோகிணி லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"வேலை தேடணும் அண்ணா. இதுல விண்டோஸ் புதுசாப் போட்டுக் குடுத்துடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஹம்ஸினி வீடியோவெல்லாம் எடுத்துடணும்."

ஹம்ஸினி அவர்கள் குழந்தை. ஏப்ரல் பதினொன்றாம் தேதிதான் ஒரு வயது முடிந்தது. அதற்கு எட்டாம் நாள் வெங்கட் இல்லை.

"வேற எங்கயும் காப்பி இல்லையா?"

"நாளைக்குப் போடறேன், நாளைக்குப் போடறேன்னே சொல்லிட்டிருந்தார்." லேப்டாப்பை என் பக்கம் தள்ளினாள். "அவர் குரல் வேற எதுலயும் இல்லை அண்ணா."

லேப்டாப்பின் ஒரு மூலையில் மட்டும் விரிசல். ஆன் செய்தேன். கறுப்புத் திரை. உள்ளிருந்து டிக்... டிக்... என்று ஒரு சத்தம். ஹார்ட் டிஸ்க் சாகப்போகிறது என்பதற்கு அடையாளம் அது. திருகுகளைக் கழற்றி டிஸ்க்கை வெளியே எடுத்தேன். சாய்த்தபோது உள்ளே மணல் சரிவதுபோல் இருந்தது. மறுபடி சாய்த்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு எங்கள் தொழிலில் ஒரு கடைசி வைத்தியம் உண்டு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைப்பது. குளிர்ந்த டிஸ்க் சில சமயம் இருபது நிமிஷம் வேலை செய்யும். சூடேறுவதற்குள் வேண்டியதை எடுத்துக்கொள்ள வேண்டும். நின்றுவிட்டால் மறுபடி ஃப்ரீசர். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஞாயிறு காலை 10:10. டிஸ்க்கை என் லேப்டாப்பில் இணைத்தேன். திறந்தது. புது டிஸ்க் மாதிரி மெல்லிய சுழலும் சத்தம். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

ஹம்ஸினி என்று ஒரு ஃபோல்டர். உள்ளே முப்பத்தேழு வீடியோக்கள். மொத்தமாக காப்பி கொடுத்தேன். காப்பியாகும் ஃபைலின் பெயர் திரையில் ஒரு சின்ன ஜன்னலில் வந்தது. அது வீடியோ இல்லை. ஒரு மெயில். அந்த ஃபோல்டரில் மெயில் எதையும் நான் பார்க்கவில்லை. பூஜ்யம் சதவீதத்திலேயே நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். 10:31-க்கு டிஸ்க் தொடர்பு அறுந்தது. ஒரு வீடியோகூட வரவில்லை.

மறுபடி ஃப்ரீசர்.

11:05. இந்த முறை ஒரே ஒரு வீடியோ. பிறந்தநாள் அன்று எடுத்தது. அதை மட்டும் காப்பி கொடுத்தேன்.

ஜன்னலில் வந்தது அதே மெயிலின் பெயர்.

அதை நான் தொடவே இல்லை. 11:14-க்கு அறுந்தது.

மறுபடி ஃப்ரீசர்.

11:52. டிஸ்க்கை இணைத்துவிட்டுக் கையை எடுத்தேன். எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. மவுஸைக்கூடத் தொடவில்லை... காப்பி ஜன்னல் தானாக வந்தது. ஒரு ஃபைல். ஒரு நொடி. முடிந்தது. டிஸ்க் அடங்கிவிட்டது.

என் திரையில் அந்த மெயில் மட்டும் இருந்தது.

இறந்தவன் மெயிலைப் படிக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். பிறகு திறந்தேன்.

2009 மார்ச் 4. எங்கள் மேனேஜர் கிருஷ்ணமூர்த்தி வெங்கட்டுக்கு எழுதியிருந்தார். மேலிருந்து வந்த பட்டியலில் இந்த டீமிலிருந்து உன் பெயர்தான் இருக்கிறது, வேறு யோசனை இருந்தால் நாளைக்குள் சொல் என்று. அதற்கு வெங்கட்டின் பதில். ஆங்கிலத்தில் மூன்றே வரி. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

ரோகிணிக்கு இது எட்டாவது மாதம். ராமச்சந்திரன் தனியாள், சமாளித்துக்கொள்வான். அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இரண்டாம் முறை படிக்கவில்லை. தேவைப்படவில்லை. கேட் ஓரத்தில் கலங்கிய அந்தக் கண்கள் ஞாபகம் வந்தன. பதின்மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் வந்தன. எதிரில் உட்கார்ந்து அவன் என் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது.

11:58-க்கு ரோகிணிக்கு போன் செய்தேன்.

"ஒண்ணும் வரலைம்மா."

"ஒண்ணுகூடவா அண்ணா?"

"ஒண்ணுகூட. எவ்வளவோ முயற்சி பண்ணிப் பார்த்தேன்."

அந்தப் பக்கம் தூரத்தில் குழந்தை எதையோ தரையில் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது.

"சரி அண்ணா. நீங்க செய்யாததா" என்றாள்.

போனை வைத்தேன். என் குரல் கேட் ஓரத்தில் கேட்ட குரல் மாதிரியே இருந்தது. நன்றாகத் தெரிந்தது. இருந்தும் மறுபடி கூப்பிடவில்லை.

டிஸ்க்கைக் குப்பையில் போடத்தான் எடுத்தேன். ஏனோ கவரில் போட்டு மறுபடி ஃப்ரீசரில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

12:00. கரண்ட் போனது. அந்தக் கோடையில் தினமும் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை கிடையாது. மின்விசிறி மெல்ல நின்றது. ஃப்ரிட்ஜ் ஒரு முறை உலுக்கிக்கொண்டு அடங்கியது. என் வீட்டுக்குப் பின்னால் மிலிட்டரி நிலம். அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆள் நடமாட்டம் இருக்காது. எனக்கு மௌனம் பிடிக்கும். அன்றைய மௌனம் பிடிக்கவில்லை.

12:04.

டிக்.

லேப்டாப்பிலிருந்து என்று நினைத்தேன். அது மூடியிருந்தது.

டிக் டிக்.

சமையலறைப் பக்கம்.

எழுந்து போனேன். குழாயைப் பார்த்தேன். சொட்டவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பேட்டரி தீர்ந்து ஒரு மாதம் ஆகிறது.

டிக் டிக்... டிக்.

ஃப்ரீசருக்குள்ளிருந்து வந்தது.

கரண்ட் இல்லை. வயர் இல்லை. எதோடும் சேராமல் பிளாஸ்டிக் கவருக்குள் கிடக்கும் ஒரு டிஸ்க்...

டிக் டிக்... டிக்.

இரண்டு. இடைவெளி. ஒன்று.

"வெங்கட்டு" என்றேன்.

நின்றது.

எத்தனை நேரம் அப்படியே நின்றேன் என்று காகிதத்தில் இல்லை. பிறகு ஃப்ரீசரைத் திறந்தேன். ஐஸ் கட்டிகள் உருகாமல் இருந்தன. கவருக்குள் ஆவி படிந்திருந்தது. உள்ளிருந்து யாரோ மூச்சு விட்ட மாதிரி.

தொட்டேன்.

டிஸ்க் சூடாக இருந்தது. உள்ளங்கைச் சூடு.

12:11. இணைத்தேன். என் லேப்டாப் பேட்டரியில் ஓடியது. ஃபோல்டர் திறந்தது. முப்பத்தேழையும் காப்பி கொடுத்தேன். வீடியோக்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. இப்போது அந்த மெயில் வரவில்லை. இருபது நிமிஷம் தாண்டியும் டிஸ்க் நிற்கவில்லை. நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். இருவரும் பேசவில்லை.

12:38. முடிந்தது.

கடைசி வீடியோவை மட்டும் ஓட விட்டேன். பிறந்தநாள். வெங்கட் கேமராவுக்குப் பின்னால் இருந்தான். அவன் கை மட்டும் தெரிந்தது. மோதிர விரலால் தரையில் தட்டினான். டக் டக்... டக். குழந்தை திரும்பிப் பார்த்தது. எழுந்து நாலு எட்டு வைத்தது. பொத்தென்று விழுந்தது. அழ வாயைத் திறந்தது.

வெங்கட்டின் குரல்: "விழுந்தா என்னடி கண்ணு... சமாளிச்சுப்பே நீ."

மூடிவிட்டேன்.

ஒரு மணிக்குக் கரண்ட் வந்தது. ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கிய அதே நொடியில் டிஸ்க் நின்றது. அதன்பிறகு அது எந்தச் சத்தமும் போடவில்லை.

சாயங்காலம் ரோகிணியை வரச் சொல்லி, வீடியோக்களைப் போட்ட பென் டிரைவைக் கொடுத்தேன். வேறு டிஸ்க் போட்டு விண்டோஸ் ஏற்றித் தருவதாகச் சொன்னேன்.

"ஒண்ணுகூட வரலைன்னீங்களே அண்ணா?"

"அப்புறம் வந்தது."

அவள் பென் டிரைவை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "அவர் அடிக்கடி சொல்வார். ராமுவுக்கு நான் ஒரு விஷயம் சொல்லணும், சொல்லணும்னு. என்னன்னு கேட்டா பேச்சை மாத்திடுவார். உங்ககிட்ட சொன்னாரா?"

"சொன்னான்" என்றேன்.

என்ன என்று அவள் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து அந்த டிஸ்க்கை எடுத்துக்கொண்டு செகந்திராபாத் போனேன். அங்கே அப்துல் காதர் என்று ஒருவர், செத்துப்போன டிஸ்க்குகளைத் திறந்து பார்ப்பவர். வாணியம்பாடிக்காரர். அவர் தமிழில் பாதி ஹைதராபாத் உருது. உள்ளே மிச்சம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. எனக்கென்று எழுதி, அனுப்பாமல் விட்ட மெயில் ஒன்றாவது இருக்குமோ என்று ஒரு நப்பாசை.

அவர் டிஸ்க்கைக் காதோரம் வைத்து ஆட்டினார். மணல் சரியும் சத்தம். இப்போது எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"கீழே போட்டீங்களா சார்?"

"நான் போடலை. ஏப்ரல்ல ஒரு ஆக்ஸிடென்ட்."

"ஹவ், ஆமா. அதான்."

திருகுகளைக் கழற்றினார். மேஜையில் ஒரு செய்தித்தாளை விரித்து அதன் மேல் கவிழ்த்தார். கொட்டியது. பளபளவென்று ஒரு கைப்பிடி தூள்.

"இந்த டிஸ்க்குல உள்ளே சுத்தற தட்டு கண்ணாடி சார். அதுல தான் எல்லாம் எழுதியிருக்கும். அடிபட்ட அன்னிக்கே நொறுங்கிப் போச்சு."

"இல்லையே. போன மாசம் முப்பதாம் தேதி இதிலிருந்து முப்பத்தேழு வீடியோ எடுத்தேன்."

சிரித்தார். "நக்கோ சார். எதுக்கு விளையாடறீங்க? தட்டே இல்லை. எதிலிருந்து எடுப்பீங்க?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. செய்தித்தாளை அவசரமாகப் பொட்டலமாக மடித்து என் பக்கம் தள்ளினார்.

"எடுத்துட்டுப் போயிடுங்க சார். கடையில நக்கோ, வேணாம்."

லோத்குண்டா வரைக்கும் என் சட்டைப் பைக்குள் அது சரிந்துகொண்டே வந்தது.

அந்த மெயிலை இன்னும் அழிக்கவில்லை. அது என் லேப்டாப்புக்கு வந்த நேரம் 11:52. முதல் வீடியோ வந்த நேரம் 12:11. இந்த வரிசையைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வீடியோக்களை மட்டும் கொடுத்திருக்கலாம். நான் எதுவும் தெரியாமல் சாகும்வரை அவன் நண்பனாக இருந்திருப்பேன். பதின்மூன்று மாதம் எதிரில் உட்கார்ந்து சொல்ல முடியாததை எதற்காக முதலில் கொடுத்தான்?

நான் மன்னிக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

இப்போதும் பகல் பன்னிரண்டுக்குக் கரண்ட் போகும். ஃப்ரிட்ஜ் நிற்கும். வீட்டுக்குள் ஒரு மௌனம் வரும். எனக்கு நன்றாகப் பழகிய மௌனம். எதிரில் ஒருவன் பேசாமல் உட்கார்ந்திருந்தால் வருவது.

அப்போது செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறேன். ஒரு மணிக்கு முன்னால் திரும்புவதில்லை.